ஷவர் சுவரில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

சுடர்விழிக்குத் தஞ்சாவூரில் வாடகை வீடு கிடைத்ததே பெரும்பாடு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தனியாகத்தான் தங்குவேன் என்றதும் போன இடமெல்லாம் கதவு பாதிதான் திறந்தது. யோசிக்காமல் மாடியைக் கொடுத்தவர் சௌந்தரநாயகி. இப்போது அவரே படியேறி வந்து நின்றார்.

"ஏம்மா, எங்க சமையக்கட்டுல மேல ஓதம் அடிச்சு, சுண்ணாம்பு சாம்பார்ல உதிருது. நீ பாட்டுக்கு ஷவரைத் திறந்துட்டு நிக்கிறே. அடுத்த மாசம் காலி பண்ணிடு."

"குளிக்காம வேலைக்குப் போக முடியுமா ஆன்ட்டி? எங்க ஒழுகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

"கொத்தனார் பார்த்துட்டாரு. தரை முழுக்க உடைக்கணுமாம். ஆள் இருந்தா ஆவாதாம்."

சுடர்விழி நீடாமங்கலம் பக்கத்து வயல்களில் வளர்ந்தவள். அங்கே வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்கு நழுவிவிடும். வளையின் வாயில் சேற்றைக் கலக்கிவிட்டு, மறுபக்கம் எங்கே கலங்கலாக வருகிறது என்று பார்த்து அடைப்பார்கள். அவளும் எத்தனையோ வளைகளை அடைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்தாள். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்துக் குளியலறைத் தரையில் தேக்கினாள். கீழே சௌந்தரநாயகி அண்ணாந்தபடி காவல்.

"ஒண்ணும் வரலடி! கழுத்து வலிதான் வருது!"

தரை தப்பித்தது. அடுத்து, ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடம். அங்கிருந்த வட்டத் தகட்டை நகர்த்தினால், பின்னால் விரல் நுழையும் சந்து. டைல்ஸ் ஒட்டியவர் பூசாமலே மூடிவிட்டுப் போயிருக்கிறார். அதில் மஞ்சள் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே கூச்சல். "வந்துருச்சு! மஞ்ச மஞ்சளா என் தலையிலயே சொட்டுது!"

அந்தச் சந்து காய்ந்ததும், மாலையில் வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து பூசினாள். இனித் தரையை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் காலி பண்ணும் பேச்சு மட்டும் அப்படியே நின்றது. எப்படிக் கேட்பது என்று அவள் படியில் தயங்கியபோது சௌந்தரநாயகியே கூப்பிட்டார்.

"மஞ்சத்தூள் மிச்சம் இருக்கா? எங்க பாத்ரூம் ஷவருக்குப் பின்னாடியும் சுவர் ஊறிக் கெடக்கு."

ஊற்றினாள். மறுபக்கம் இருந்த படுக்கையறைச் சுவரில் மஞ்சள் பூத்தது. அதே ஆள் ஒட்டிய டைல்ஸ், அதே சந்து.

"அப்ப நீங்களும் அடுத்த மாசம் காலி பண்ணிடுவீங்களா ஆன்ட்டி?"

சௌந்தரநாயகி முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

"வாயப் பாரு! நீ எங்கயும் போக வேணாம். போய் அந்த சிமெண்டை எடுத்துட்டு வா."