மூக்கைப் பிடித்துக் கடந்த கடல்

எனக்கு மூக்கில் ரத்தம் வருவது வீட்டில் எல்லாருக்கும் பழகிப் போயிருந்தது. பல் துலக்கக் குனிந்தால் வரும். தும்மினால் வரும். சில நாள் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மேலுதட்டில் வெதுவெதுப்பாக ஏதோ ஊர்வது போலிருக்கும். தொட்டுப் பார்த்தால் விரல் சிவந்திருக்கும். பெரும்பாலும் இடது பக்கம்தான்.

தீவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு. வேலை கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். படகுத்துறை வரை பஸ், அங்கிருந்து ஃபெர்ரியில் பட்டர்வொர்த், பிறகு தொழிற்சாலை பஸ். நான் வேலை பார்க்கும் அறைக்குள் ஒரு தூசுகூட வரக்கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. குளிர்சாதனக் காற்று நாள் முழுக்க மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த முகமூடிக்குள் ரத்தம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். சூப்பர்வைசர் முகத்தைச் சுளிக்க மாட்டார். ஆனால் வரிசையில் உள்ள மற்றவர்கள் என் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "உடம்புச் சூடு லா." பார்லித் தண்ணீர் குடித்தேன், இளநீர் குடித்தேன், வெள்ளரிக்காயாகத் தின்று தீர்த்தேன். ரத்தம் வரும்போது தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். அதையும் செய்தேன். தொண்டைக்குள் இறங்கும் ரத்தத்தை விழுங்கிவிட்டு, பிறகு வயிற்றைப் புரட்டுகிறதே என்று சுருண்டு படுப்பேன்.

"கிளினிக்குக்குப் போலாம், வா" என்று என் கணவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். இன்றைக்கு ஓவர்டைம், நாளைக்கு விருந்தாளி என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். எங்கள் வரிசையில் வேலை செய்த ஒரு சீனத் தோழிக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, கழுத்தில் கட்டியும் இருந்தது. பார்த்தபோது மூக்குக்குப் பின்னால் புற்றுநோய் என்றார்கள். அவள் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. அவளை நினைக்கும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். கட்டி ஏதும் தட்டுப்படாது. ஆனாலும் பயம் போகாது.

புகைமூட்டம் இருந்த ஒரு காலை. ஃபெர்ரியில் ஏறி உட்கார்ந்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. படகு நகர்ந்ததும் தும்மல் வந்தது. அவ்வளவுதான். கைக்குட்டையை எடுப்பதற்குள் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்தேன்.

"ஐயோ, அப்படிச் சாய்க்காதம்மா!"

பின்னங்கழுத்தில் ஒரு கை விழுந்து என் தலையை முன்னால் தள்ளியது. பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். தலையில் தூடோங் கட்டியிருந்தார், மடியில் சோற்றுக் கேரியர். அதைச் சட்டென்று தரையில் வைத்துவிட்டு, என் மூக்கின் கீழ்ப்பகுதியை, எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் இடத்தை, இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாயால மூச்சு விடு. வாயில வர்ற ரத்தத்த முழுங்காத, இந்த டிஷ்யூல துப்பு. ஆங், அப்படித்தான்."

நான் பேச முயன்றேன். வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வந்தது.

"பேசாத லா. என் மவனுக்கு இதே ரோதனதான். டாக்டர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. பத்து நிமிசம் விடாமப் புடிக்கணும். நின்னுச்சா, நின்னுச்சான்னு ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்த்தா நிக்காது. அந்தக் கரை வர்ற வரைக்கும் நான் விட மாட்டேன்."

சொன்னபடியே விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் மூக்கைப் பிடித்திருக்க, நான் தரையைப் பார்த்தபடி கடலைக் கடந்தேன். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நான் பேச முடியாததால் எனக்கும் சேர்த்து அவரே பேசினார். பட்டர்வொர்த்தில் மகள் வீடு, பேரப்பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோகிறார். "விடியக்காலையிலேர்ந்து பூண்டு உரிச்ச கைம்மா இது. நாத்தம் தாங்காது. நல்ல வேள, உன் மூக்க நானே அடைச்சுட்டேன்" என்று சிரித்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காத, திரும்ப வந்துரும்" என்று அதட்டினார்.

கரை வந்தபோது மெல்ல விரலை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு சுருக்காக அது நின்றதே இல்லை.

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு. வேற ஏதாச்சும்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவர் அறிவுரை சொல்லவில்லை. என் சட்டையைப் பார்த்தார், கேரியரை எடுத்துக்கொண்டார். "இந்தச் சட்டையோட எப்படி வேலைக்குப் போவ? வா, கிளினிக்குக்கு நான் கூட வர்றேன்" என்றார். மகளுக்குப் போன் போட்டு, கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னார். தம் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்தபோது, போன் செய்து வரச் சொல்லியிருந்த என் கணவர் வந்து சேர்ந்திருந்தார். அக்கா கிளம்பிப் போயிருந்தார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தார்கள், வேலைக்கு விடுப்பு எடுக்க எம்சி கொடுத்தார்கள். பிறகு ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் நிதானமாகப் பேசினார். நான் வாயைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வியே புற்றுநோயா என்பதுதான். அவர் சிரிக்கவில்லை. "ஒரே பக்கம் அடிக்கடி வந்தால் உள்ளே பார்த்துவிடுவதுதான் சரி. பார்ப்போம்" என்றார். மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கின் கடைசி வரை விட்டுப் பார்த்தார். என் கணவர் என் கால் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"பின்னால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்றார் மருத்துவர்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்கு ஒழுகும், கேமரா உள்ளே இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

காரணம் மூக்கின் வாசலிலேயே இருந்தது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஒன்றுகூடும் இடம் உண்டாம். வறண்ட காற்றில் அந்த இடம் காய்ந்து பொருக்குத் தட்டி வெடிக்கும். இதோடு இன்னொன்றும் இருந்தது. சைனஸுக்காக நான் வருடக்கணக்கில் அடித்து வந்த மூக்கு ஸ்பிரே. "எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள்" என்றார். காட்டினேன். இடது மூக்குக்கு இடது கையால், நேராக நடுச் சுவரைப் பார்த்து. மருந்து தினமும் அந்த இடத்தின் மேலேயே விழுந்து அதைப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இடது துவாரத்துக்கு வலது கையால், காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துப் பழக்கினார்.

பிறகு தீக்குச்சி போன்ற ஒரு குச்சியின் நுனியிலிருந்த மருந்தால் அந்தக் குழாயைத் தொட்டுச் சுட்டார். சுருக்கென்றது, கண்ணில் நீர் வந்தது, முடிந்துவிட்டது. சில நாள் மூக்கைச் சிந்தக் கூடாது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காலையும் மாலையும் களிம்பு, இடையில் உப்புநீர். பத்து நிமிடப் பிடியை இரண்டாவது தடவையும் பிடித்து நிற்காவிட்டால் நேராக மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ரத்தப் பரிசோதனையிலும் குறை ஏதும் இல்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்னைக் காற்று நேராக விழாத இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். நான் கேட்கக்கூட இல்லை.

அந்த அக்காவை ஃபெர்ரியில் தேடிக்கொண்டே இருந்தேன். அவருடைய சால்வை துவைத்து மடித்து என் பையிலேயே இருந்தது. சில மாதம் கழித்து ஒருநாள் பார்த்துவிட்டேன். ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விழித்தார். நான் மூக்கைப் பிடித்துக் காட்டினேன்.

"அட, நீயா! ரத்தம் இல்லாத முகத்த இப்பத்தானம்மா பாக்குறேன்!"

நடந்ததையெல்லாம் சொன்னேன். சால்வையை நீட்டி நன்றி சொன்னேன். "நான் என்னா செஞ்சேன், மூக்கத்தானே புடிச்சேன்" என்றார். சால்வையைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். பேரனின் படங்களைக் காட்டினார். கொழுகொழுவென்று இருந்தான். அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் பட்டர்வொர்த் வந்துவிட்டது.

இப்போதும் எப்போதாவது வருகிறது, புகைமூட்ட நாள்களில் ஒரு துளி, இரண்டு துளி. உட்கார்ந்து, முன்னால் குனிந்து, பிடித்துக்கொள்கிறேன். அந்த நிமிடங்களில் வேறொன்றும் செய்ய முடியாது. வாயால் மூச்சு விட்டபடி, எனக்கு நல்லது செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் யோசித்து முடிப்பதற்கு முன்பே ரத்தம் நின்றுவிடுகிறது.