மைதாப் பசையும் என் வயிற்றெரிச்சலும்

அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், ஒரு கத்தரிக்கோலும் ஒரு கிண்ணம் மைதாப் பசையும்.

எழுபதுகளின் நடுவில், பாலக்காடு ஜில்லாவில் எருத்தேன்பதிப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்காக விவசாயிகள் வைத்திருந்த ஒரு சங்கத்தில் நான் டைப்பிஸ்ட். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருஷம் முழுக்க மனு போகும். இங்கிலீஷில், எட்டுப் பக்கம். அடித்து முடித்துக் கொண்டுபோய் வைத்தால் சங்கத் தலைவர் நிதானமாகப் படித்துவிட்டு, "அந்தத் தென்னை காஞ்ச சமாச்சாரத்தை மேல கொண்டாந்துரு, அம்மிணி" என்பார். மறுபடியும் எட்டுப் பக்கத்தையும் முதலிலிருந்து அடிப்பேன். மூன்று வருஷம் இப்படித்தான் விரல் தேய்ந்தது.

அவள் கோயமுத்தூரில் டைப் படித்துவிட்டு வந்து சேர்ந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வந்த வாரமே தலைவர் எதையோ மாற்றச் சொன்னார். அவள் மெஷின் பக்கமே போகவில்லை. ஐந்தாம் பக்கத்துப் பத்தியைக் கத்தரித்து எடுத்தாள், முதல் பக்கத்தைக் குறுக்கே வெட்டினாள், நடுவில் அதை வைத்து வெள்ளைத்தாளில் ஒட்டினாள். பத்தே நிமிஷம். தலைவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் நல்ல பிரதி, அதுவும் ஒரே தடவை. ஒரே பத்தி இரண்டு மனுவுக்கு வேண்டுமென்றால் முதலிலேயே கார்பன் வைத்து அடித்துவிடுவாள். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கார்பன் நகல் வெட்டுப்பட்டு அடுத்த மனுவில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? கத்தரிக்கோல் என் மேஜையிலும்தான் இருந்தது. நான் அதில் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வருகிறவர்களெல்லாம் "அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துப்போடலாமுங்க" என்று என் மேஜையைத் தாண்டிப் போனார்கள். தை பிறந்தால் ஒரு டைப்பிஸ்ட் போதும் என்று தலைவர் வேறு சொல்லிவிட்டார். இந்த வேலை போனால், வேண்டாம் வேண்டாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

மார்கழியில் ஒரு நாள், அவள் சாப்பிடப் போன நேரம். நான் அடித்து, தலைவர் மாற்றச் சொல்லியிருந்த மனுவை நானே வெட்டி ஒட்டிக் காட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். எட்டுப் பக்கமும் இருபது துண்டாயிற்று. பசை எடுக்க எழுந்தேன். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்ன பாடு படுத்தும் என்று அங்கேயே பிறந்த எனக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் ஜன்னலைச் சாத்த மறந்தேன். துண்டுகள் அறை முழுக்கப் பறந்தன. எல்லாவற்றையும் பொறுக்கினேன். ஆனால் எதன் பின்னால் எது வரும் என்று பிடிபடவில்லை. அடித்தது நான்தான், எழுத்தைப் பார்த்து அடித்தேனே தவிர அர்த்தம் பார்த்து அடித்ததில்லை. கார்பனும் வைக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸில் தலைவர் அந்த மனுவோடு பாலக்காட்டுக்குப் போகவேண்டும்.

அவள் வந்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"பின்னால பென்சில்ல நம்பர் போட்டுட்டு வெட்டோணுமுங்கக்கா" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கினாள், ஒட்டினாள், பஸ்ஸுக்கு முன்னால் நல்ல பிரதியும் அடித்துவிட்டாள். மனுவை அடித்தவர் அடியில் தன் இனிஷியலைப் போடுவது வழக்கம். கடைசித் துண்டில் என்னுடையது இருந்தது. அதையும் அப்படியே அடித்திருந்தாள். பழக்க தோஷமா, வேண்டுமென்றேதானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் எட்டுப் பக்கமும் படித்துவிட்டு அடியில் பார்த்தார். "ஒரு தப்பில்லை. இது நீ அடிச்சதா, அம்மிணி?"

அவள் பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழும் தூரம்தான்.

"ஆமாங்க" என்றேன்.

அந்த மனுவைச் சொல்லியே என்னை வைத்துக்கொண்டு, தையில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடைசி நாளில் என் மேஜைக்கு வந்து, "வர்றனுங்கக்கா" என்று சிரித்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே தலைவர் முன்னால் ஊரைக் கூட்டியிருப்பேன். வேலை எனக்குக் கிடைத்தது. அப்படிச் சிரிக்க மட்டும் எனக்கு வரவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.