‘சத்து மாத்திரை’ என்று எழுதிய பாட்டில்

எங்கள் சித்தி ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுக்கிறவள். அதற்குப் படித்துப் பட்டம் வாங்கியவள். பதினாறு வருடமாக ஒரே கடை, ஒரே கண்ணாடி மேசை. வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘மெதுவாக்கா’. யாராவது தன் வியாதியை உரக்கச் சொல்ல ஆரம்பித்தால் போதும், “மெதுவா, மெதுவா” என்பாள். பின்னால் நிற்கிறவர்களுக்குக் காது நீளுமே. மூலத்துக்கு மருந்து கேட்டு வந்தவரை எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போய், மேசை விசிறியை மூன்றில் வைத்துவிட்டுத்தான் விவரம் கேட்பாள். அந்த விசிறி போடும் சத்தத்தில் மூலம் என்ன, குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லிவிடலாம்.

வீட்டிலும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் எதற்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று அம்மா நாலைந்து தடவை நூல் விட்டுப் பார்த்தாள். “அவருக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்குக்கா, அதுக்குத்தான்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஒருமுறை அவளுடைய லேபிள் சுருளை எடுத்து, அப்பாவின் ஷேவிங் கிரீமில் ‘தினம் இருவேளை, உணவுக்குப் பின்’ என்றும், அண்ணனின் சாப்பாட்டு டப்பாவில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்றும் எழுதி ஒட்டினேன். வீடே சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “பாட்டில்ல என்ன எழுதியிருக்கோ அதை நம்பித்தான் மனுஷன் முழுங்குறான்” என்றாள்.

அப்படிப்பட்டவள் தெரிந்தே ஒரு பொய் லேபிள் ஒட்டினாள்.

இதை எனக்குச் சித்தி சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட பெண்ணே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. ஆள் பேரு, தெருப் பேரு போட்ட, காதைத் திருகிடுவேன்” என்றாள். போடவில்லை.

அவள் ஒரு கூட்டுக்குடும்பத்தின் மூத்த மருமகள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையைத் தவறாமல் போட்டால் எட்டிப் பார்க்காது. கல்யாணம் பேசும்போது பெற்றவர்கள் அதை மறைத்துவிட்டார்கள். விசிறிக்குப் பக்கத்தில் நின்று அவள் சித்தியிடம் சொன்னது இதுதான்: “அட்டையில பேரைப் பார்த்தா என் வீட்டுக்காரர் விசாரிச்சுடுவார்க்கா. அனுப்பிச்சிடுவாங்க. மாத்திரையே வேணாம், வர்றது வரட்டும்.”

நிறுத்தினால் என்ன வரும் என்று சித்திக்குத் தெரியும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு வெள்ளைப் பாட்டிலில் போட்டாள். ‘சத்து மாத்திரை, தினம் இரண்டு’ என்று எழுதி ஒட்டினாள். இரண்டு வருடம் மாதாமாதம் அந்தப் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் அந்த வீட்டின் இளைய மருமகள் கடைக்கு வந்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

“எங்க ஓரகத்தி வாங்குற சத்து மாத்திரை எனக்கும் ஒரு பாட்டில் குடுங்கக்கா. அவங்களதுல நாலு நாளா திருடித் தின்னுட்டு இருக்கேன். என்ன சத்தோ, படுத்தாத் தூக்கம் சொக்குது.”

“உனக்கெதுக்கும்மா சத்து மாத்திரை?”

“மூணு மாசம்க்கா. உடம்பு அசதியாவே இருக்கு.”

சித்திக்குத் தெரியும், அந்த மாத்திரை வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது. முதுகெலும்பையே கெடுக்கக்கூடியது. உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும், என்ன மாத்திரை என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் இன்னொருத்தியின் வாழ்க்கை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

“முதல்ல உக்காரும்மா. தப்பு நடந்துபோச்சு. இந்த மாசம் பாட்டிலுக்கு லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். அது வேற ஒருத்தருக்குப் போக வேண்டிய வலிப்பு மாத்திரை. இனிமே ஒண்ணுகூடப் போடாதே.”

மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதிக் கையில் கொடுத்தாள். டாக்டருக்குத் தானே போன் செய்தாள். பக்கத்துக் கடைக்காரர் மனைவியைத் துணைக்கு வைத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள்.

மத்தியானம் மூத்தவளின் கணவர் வந்தார். வண்டி மெக்கானிக். கையில் கிரீஸ்கூடக் காயவில்லை. பின்னால் மூத்தவள், முகத்தில் ரத்தமே இல்லாமல். அவர் அந்தப் பாட்டிலை மேசையில் டக்கென்று வைத்தார்.

“ஏம்மா, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? வாயும் வயிறுமா இருக்கிறவ. என் பொண்டாட்டியும் இதைத்தான் முழுங்கியிருக்கா.”

“தப்பு என்னோடதுதான்.”

“யாருக்குப் போக வேண்டிய மாத்திரை இது? புத்தகத்தை எடு, பாக்கணும்.”

இந்த மாதிரி மருந்து வாங்குகிறவர்களின் பெயரை எழுதும் பெரிய பதிவேடு மேசையிலேயே கிடந்தது. அதில் அவர் மனைவியின் பெயர் இருபத்துநாலு இடத்தில் இருந்தது. சித்தி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள்.

“அது இன்னொருத்தர் விஷயம். காட்ட மாட்டேன்.”

“பண்றதையும் பண்ணிட்டுத் திமிர் வேறயா?”

“என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக் குடுங்க. புத்தகத்தைத் தொடாதீங்க.”

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். “காட்டித் தொலையேம்மா, ஊரே வேடிக்கை பாக்குது.”

“நாளைக்கு உங்க பேரு இருக்கான்னு ஒருத்தர் வந்து கேட்டாலும் மூடித்தான் வெப்பேன், முதலாளி.”

முதலாளி எதையோ நினைத்துக்கொண்டவர்போல வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் நின்ற மூத்தவள் பேச உதடு பிரித்தாள். சித்தி வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். மெக்கானிக் அங்கேயே நின்று புகார் எழுதினார்: கவனக்குறைவாக லேபிளை மாற்றி ஒட்டினார் என்று. சித்தி அடியில் கையெழுத்துப் போட்டாள். அன்றே அவளை மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ‘தப்பா ஒட்டுற அக்கா’ என்று பெயரும் மாறிவிட்டது. ஊருக்குப் புதுப்பெயர் வைக்க ஒரு நாளே அதிகம்.

பாட்டில் கடையிலேயே தங்கிவிட்டது. கையில் ஒரு மாத்திரைகூட இல்லாமல் மறுநாள் காலை மூத்தவள் வந்தாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்களேக்கா.”

“பழி இல்லடி. பொய்யை எழுதி ஒட்டினது என் கைதானே. நீ பயந்தேன்னு நான் அதைச் செஞ்சிருக்கக் கூடாது.”

சித்தி மருந்தை அட்டையோடு எடுத்து வந்தாள். உறையில் அவள் பெயர், மருந்தின் பெயர், எத்தனை வேளை, எல்லாம் இருந்தது.

“இதை எப்படிக்கா வீட்டுக்குள்ள கொண்டு போவேன்?”

“எனக்குத் தெரியலம்மா. யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். ஆனா வேற பேர்ல இனிமே தர மாட்டேன். நீயும் பிரிச்சுப் போடாதே. அந்த வீட்ல ஒரு குழந்தை வரப்போகுது.”

மூத்தவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஒரு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டாள். அழுது முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உறையை மடிக்காமல் கையில் பிடித்தபடியே நடந்து போனாள்.

அன்றே கணவரிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, “நாலு நாள் பேசல. அஞ்சாம் நாள், மாத்திரை போட்டியான்னு கேட்டார்” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் நூல் விடவில்லை.

ஆறாம் நாள் மெக்கானிக் சரக்கு அறை வாசலில் வந்து நின்றார். கைகளைக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

“அக்கா, புகாரை வாபஸ் வாங்கிடறேன்.”

“ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?”

“இதுவரைக்கும் நல்லா இருக்காம். இன்னும் ரெண்டு தடவை பாக்கணுமாம். புகாரு…”

“வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும். எழுதினா உங்க வீட்டம்மா விஷயத்தை எழுதணும். நாலு பேர் படிப்பாங்க. கெடக்கட்டும், விடுங்க.”

அவர் கீழே இறக்கிவைத்திருந்த பெட்டிகளைக் கேட்காமலே தூக்கி மேலடுக்கில் வைத்துவிட்டுப் போனார்.

இளையவளுக்குப் பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை. அது தெரியும்வரை ஆறு மாதமும் சித்தி இரவில் சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. இப்போது அவளைத் திரும்பவும் மேசைக்கு அழைத்துவிட்டார்கள். புகார் கடைக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதில் எழுதியிருப்பது நடந்தது அல்ல. அடியில் சித்தியின் கையெழுத்து இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.