கரண்ட் இல்லாத நேரத்து நிம்மதி

எங்கள் தெருவில் கரண்ட் போனால் நிம்மதியாக உட்காருகிற ஒரே ஆள் ஹெலன்தான். நான் அப்படியில்லை. திருவிடந்தையில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். கிரைண்டரில் அரிசி பாதி அரைபடும்போது கரண்ட் போனால் வாயில் வருவதெல்லாம் வசவுதான். அது நேராகப் பக்கத்து வீட்டு ஹெலனுக்குப் போகும். அவள் புருஷன் சின்னையன் எங்கள் பகுதி லைன்மேன்.

"உன் வூட்டுக்காரரு இன்னாடி, என் மாவு மேல கண்ணு வெச்சுகினே ஆஃப் பண்றாரா?"

"கத்தாதக்கா. ஆஃப்ல இருந்தாத்தான் அவுரு நல்லா கீறாருன்னு அர்த்தம்" என்று சிரிப்பாள்.

அவள் கணக்கு அது. கல்யாணமான புதிதில், சின்னையனோடு வேலை பார்த்த ஒருவர் கம்பத்தின் மேல் இருக்கும்போதே யாரோ அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சாவுக்குப் போய்வந்த ஹெலனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. வேலை முடிந்து சின்னையன் கீழே வந்ததும், டிரான்ஸ்ஃபார்மரில் லைனைப் போடுவதற்கு முன்னால், வீட்டுக்கு போன் செய்வார். "எறங்கிட்டேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. அதன்பிறகு எங்கள் வீடுகளில் விளக்கு எரியும்.

போன் வராமல் விளக்கு எரிந்தால் ஹெலனின் முகம் வெளுத்துவிடும். ஒருமுறை அப்படி எரிந்தபோது செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பார்த்தால் அவர் போனில் சார்ஜ் இல்லை, மனுஷன் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி தெருவே அவளை ஓட்டியது.

கோவளம் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை அவளுக்கு. மகள் ஸ்வாதி பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். நல்ல உழைப்பாளிக் குடும்பம். சண்டைக்குக்கூட நான் போனால்தான் உண்டு.

போன ஐப்பசியில் அடித்த காற்றில், தெருவின் கடல் பக்கத்துக் கோடியில் கம்பி அறுந்து விழுந்தது. காலையிலேயே லைனை நிறுத்திவிட்டு சின்னையன் போனார். ஹெலனுக்கு அன்று விடுமுறை. என் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தாள். குழம்பு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மதியம் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி இவ்ளோ நேரம்? ஊறுன அரிசி நாறிடும் போல கீது. ஒரு போன் போட்டுப் பாரேன்."

"மேல இருக்கசொல்ல பண்ணக்கூடாதுக்கா. கை நழுவிடும். கரண்ட் வரல இல்ல? அவுருக்கு ஒண்ணும் இல்ல. மெதுவா வரட்டும்."

அவள் தைரியம் எனக்கும் வந்தது. ஈரத்துணியால் அரிசியை மூடி வைத்தேன்.

பூபாலன் அப்போதுதான் வந்தான். சின்னையனுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். முழங்கால் வரை மண். ஹெலனைப் பார்க்காமல் என்னையே பார்த்தான்.

"அக்கா, அண்ணாத்தைய செங்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போயிட்டாங்க. கம்பத்து மேலயே உசுரு போயிட்ச்சு."

அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களா. கரண்ட் இல்லையே என்று அவர்கள் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். அந்த மின்சாரம் வெளியே போகாமல் தடுக்கிற சுவிட்ச் அங்கே இல்லை. அது கம்பி வழியே வந்து, அறுந்த முனையைப் பிடித்திருந்த சின்னையன் கைக்கு வந்துவிட்டது. நடுவில் கம்பி அறுந்து கிடந்ததால் எங்கள் தெருவுக்கு வரவில்லை. யாரோ ஃபேன் காற்று வாங்குவதற்கு ஒரு மனுஷன் போய்விட்டார்.

ஹெலன் அழவில்லை. எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், திரும்பப் போட்டாள். ஃபேன் அசையவில்லை. வாசலுக்கு வந்து, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் பூபாலனிடம் பொறுமையாகச் சொன்னாள்.

"இன்னும் கரண்ட்டே வரலியேப்பா."