மூணு வரியோடு நின்ற மன்னிப்பு

போன வாரம் கறம்பக்குடியிலிருந்து என் நாத்தனார் சரசு போன் பண்ணினாள். ஒரு ‘ஹலோ’கூட இல்லை.

“ஊரே படிக்கிற எடத்துல என்னையத் திமிர் புடிச்சவள்னு எழுதிப்புட்டீங்களே அண்ணி... நல்லா இருங்க!”

வைத்துவிட்டாள்.

நான் எழுதியது அவளிடம் கேட்ட மன்னிப்பு அல்லவா?

உங்களுக்குத்தான் தெரியுமே — எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி டைப் அடித்து இன்டர்நெட்டில் என் பிளாக்கில் போடுவாள். ஒரு வார்த்தையை மாற்ற விடமாட்டேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போட்டதை எடுத்துக் காட்டச் சொன்னேன். பக்கமே புதுசாக இருந்தது. மேலே பெரிய போட்டோ, கீழே பொடி எழுத்தில் மூணு வரி, அப்புறம் ‘மேலும் படிக்க’ என்று ஒரு நீலப் பட்டன்.

“டெம்ப்ளேட்டை மாத்திருக்கேன் அத்தை. நீட்டா இருக்குல்ல?”

நீட்டாகத்தான் இருந்தது. அந்த மூணு வரி என்ன தெரியுமா? ‘பேரன் காதுகுத்துக்கு வந்த நாத்தனார், எலையில உக்காந்தவ சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டா. என்ன திமிருன்னு நெனச்சேன்...’

பட்டனை அமுக்கினால்தான் மீதி. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல், போனில் பத்திரிகை அனுப்பியது என் தப்பு என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது. சரசுவும் என்னைப்போல எழுத்துக்கூட்டுகிறவள். பட்டனை எங்கே கண்டாள்?

“முழுசும் ஒரே பக்கத்துல தெரியணும். எழுத்து பெருசா வேணும். போட்டோ கீழ போகட்டும்.”

செல்வி உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிவிட்டாள். “லிங்க்கை அவுங்களுக்கு அனுப்பிரவா அத்தை?”

சரி என்று சொல்லப்போனவள் நிறுத்திக்கொண்டேன். போனில் அழைத்த தப்புக்கு மன்னிப்பும் போனிலா? டெம்ப்ளேட்டைக் குறை சொல்லி என்ன... கோபத்தை மேலேயும் மன்னிப்பைக் கீழேயும் வைத்தது நான்தானே?

மறுநாள் காலை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் நின்று முதல் வார்த்தையாகவே சொன்னேன்.

“தப்பு எம்மேலதான் சரசு.”

மேலும் கீழும் பார்த்தாள்.

“தெரியும். பக்கத்து வீட்டுப் பொண்ணு நேத்தே அமுக்கிக் காட்டிருச்சு. முழுசும் வாசிச்சுட்டேன்.”

“அப்ப ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“நேர்ல வாரீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள வாங்க அண்ணி... எலை போடுறேன்.”

மோர் ஊற்றுகிறவரை ரெண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.