செய்ரோகு கொடுத்த தலைமுடி

எங்கள் துறைமுகத்தில் செய்ரோகுவைப் போலத் திமிங்கில இறைச்சிக்காகத் தொண்டை கிழிய வாதாடினவன் இல்லை. திமிங்கில வியாபாரிகள் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். வெள்ளைக்காரர்கள் கேமராவோடு படகுத்துறைக்கு வந்து திமிங்கிலத்துக்காக அழுவார்கள். அழுது முடித்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்துத் தின்பார்கள். அந்தப் பன்றிக்கு அப்பா அம்மா இல்லையா என்று செய்ரோகு கேட்பான். நியாயமான கேள்விதான். யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பாட்டன் தின்றான், அப்பன் தின்றான், நானும் தினம் சாயங்காலம் தின்கிறேன் என்று அவன் நெஞ்சில் தட்டினால் ஊருக்கே நெஞ்சு நிமிரும்.

ஆனால் அவனுக்குத் திமிங்கில இறைச்சி தொண்டையில் இறங்காது.

இளவயதில் திமிங்கிலம் பிடிக்கிற படகில் போனபோது ஏறின ரத்த வாடை மூக்கை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமான வாரமே மனைவி ஃபுசாயேயிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டான். எந்தப் படகு கரைக்கு வந்தாலும் முதல் துண்டு தலைவர் வீட்டுக்குத்தான் வரும். வேண்டாம் என்றால் பதவி போய்விடும். தூக்கி எறியவும் முடியாது. எங்கள் ஊரில் குப்பையை உள்ளே இருப்பது தெரிகிற பையில்தான் கட்டி வைக்க வேண்டும். யார் வீட்டில் என்ன வீசினார்கள் என்று தெருவே பார்த்துக்கொண்டு போகும். அதனால் அவன் முட்டையைப் பொரித்துத் தின்றான். ஃபுசாயே தன் பங்கையும் தின்று அவன் பங்கையும் தின்றாள். ஒரு நாள் மிசோ என்கிற சோயா விழுதில் வேகவைத்து, ஒரு நாள் இஞ்சியில் ஊறவைத்து, எப்படியோ தட்டைக் காலி செய்தாள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

போன வருஷம் சங்கத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் மினோவா என்கிற டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். சின்ன மீன் உடம்பில் இருக்கிற பாதரசம் பெரிய மீனுக்குப் போகிறது, பெரிய மீனிலிருந்து திமிங்கிலத்துக்குப் போகிறது, கடைசியாகத் தின்கிறவர் உடம்பில் மொத்தமும் தங்கிவிடுகிறது, தலைமுடியைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றாள். கூட வந்த அதிகாரி, அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு, அளவான அளவு என்றார். படித்தவர்!

கூட்டத்தில் இருந்த சங்கத்துக் கடைக்காரர்கள் செய்ரோகுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தயங்கினால் அடுத்த தலைவர் வேறு ஆள். அவன் எழுந்து, முதலில் என் முடியை வெட்டுங்கள் என்று தலையைக் குனிந்தான். அந்த வேகத்தில், என் வீட்டுக்காரி முடியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டான். தற்பெருமைக்கு என்றைக்குக் கணக்குத் தெரிந்தது?

அவனுக்குப் பின்னால் ஊரில் பலரும் முடி கொடுத்தார்கள். தலைவர் முடியின் முடிவு சொல்லும் நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. கேமராக்காரர்களும் வந்திருந்தார்கள்.

"தலைவரே, தனியா சொல்றேனே," என்றாள் டாக்டரம்மா.

"இங்கயே சொல்லுங்க. அழுறவங்க காதுலயும் விழட்டும்."

"உங்க முடியில பாதரசம் ரொம்பக் கம்மி. பயப்பட ஒண்ணுமே இல்ல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செய்ரோகு வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பி நன்றாகக் குனிந்து வணங்கினான். அப்போது பின் வரிசையிலிருந்து கிழட்டுப் படகோட்டி கன்ஜிரோ மெதுவாக எழுந்தான்.

"எனக்கு எக்கச்சக்கம்னு போன வாரமே இந்தம்மா சொல்லிட்டாங்க. உன் வீட்டுக்கு அனுப்புறதுல மிச்சம்தான்டா நான் தின்னது. அப்ப நீ என்னத்தடா தின்ன?"

இறைச்சியில் விஷம் உண்டு என்றால் வியாபாரம் போகும். நான் தின்பதே இல்லை என்றால் பதவி போகும். செய்ரோகு மறுபடியும் வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினான். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் ஃபுசாயேயிடம் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் அதிகம். விரல் மரத்துப்போகுதா?"

ஃபுசாயே விரல்களை விரித்துப் பார்த்தாள். ஊசி நழுவுவது வயசானதால் என்று நினைத்திருந்தாள்.

"ரெண்டு பேர் பங்கு இல்லையா, டாக்டரம்மா. அவருக்கு வரவேண்டியதும் எனக்கே வந்துடுச்சு," என்றாள்.

அடுத்த வாரம் வெளிநாட்டுப் பத்திரிகை, திமிங்கிலம் விற்கிறவரே அதைத் தின்பதில்லை என்று எழுதியதாம். சங்கத்துக்காரர்கள், எங்கள் தலைவர் முடியில் விஷமே இல்லை என்று கடைவாசலில் பலகை மாட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் அதே முடிதான் சாட்சி. ஃபுசாயேயின் முடியை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பலகைக்கு அவன் முடி வேண்டியிருந்ததால் பதவி தப்பியது, போட்டிக்கு யாரும் நிற்கவில்லை. ஆனால் இப்போது முதல் துண்டை கன்ஜிரோவே கொண்டுவருகிறான். அவன் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தபடி, தலைவர் தின்று முடிக்கும்வரை நகர மாட்டான். செய்ரோகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். எதிரே ஃபுசாயே தனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்திருப்பாள்.

ஒரு நாள் கன்ஜிரோ போனபின் செய்ரோகு கெஞ்சினான். "எனக்கும் ஒரு முட்டை போடேன்."

"போடுறேங்க," என்றாள் அவள், சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். "முதல்ல உங்க முடி என் முடியை எட்டிப் பிடிக்கட்டும்."