அறிவொளி வகுப்பு, ஞாயிறு 2 மணி

இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்பவர்கள் என்னிடம் வாதத்துக்கு வர வேண்டாம். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகிற பஸ்ஸில் ஏறி, செங்கானம் விலக்கில் இறங்கி, டீக்கடை கண்ணுசாமியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர் பதில் சொல்ல மாட்டார். டீ மட்டும் கொடுப்பார். அந்த டீயைக் குடித்தவர்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை.

நடந்தது உதயசூரியன் சாருக்கு. வயது ஐம்பது, தலை முழு வெள்ளை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. இங்கிலீஷ் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர். செங்கானத்தில் பிள்ளைகள் இல்லாமல் மூடிய பழைய பள்ளிக்கூடம்தான் அவருடைய கல்லூரி. அவர் நடத்தும் பேப்பரின் பெயர் நீளமானது: ‘நவீன மேலை இலக்கியம்: அறிவொளிக் காலம் முதல் இன்று வரை.’

மாணவர்கள் இரண்டு பேர். மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருக்கும் கலைமதி. செல்போன் கடை வைத்திருக்கும் அய்யப்பன்.

இன்னும் நாலு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு தொடரும் என்று தொலைதூரக் கல்வி மையத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அய்யப்பன் ஒரு தகர போர்டு எழுதி ரோட்டோரம் கட்டினான். ‘அறிவொளி வகுப்பு. ஞாயிறு 2 மணி. அனைவரும் வருக.’

“‘காலம்’ எங்கடா? ‘மேலை இலக்கியம்’ எங்க?” என்றாள் கலைமதி.

“போர்டுல எடம் இல்லக்கா. அனைவரும் வருகன்னு போட்டா அனைவரும் வந்துருவாங்க.”

“அறிவொளின்னா நம்ம மாவட்டத்துல என்னன்னு நெனப்பாங்க? அப்ப படிக்காத பெரியவங்களுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தாங்களே, அந்த ராத்திரிப் பள்ளிக்கூடம்னுல்ல நெனப்பாங்க?”

“நெனச்சுட்டுப் போறாங்க. வந்தவங்கள உக்கார வச்சு பிரெஞ்சுப் புரட்சி நடத்திருவோம்.”

உதயசூரியன் சிரிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் அந்த அறிவொளியில் தொண்டராக இருந்தவர். 1992இல் பதினேழு வயதில், இதே செங்கானத்துச் சாவடியில், மூன்று மாதம். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

மே மாதம் நாலாவது ஞாயிறு. பெரிய முகூர்த்தம். மாணவர்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வகுப்பு நடந்ததற்குச் சாட்சியாக 2.30க்குள் போட்டோ எடுத்து மையத்தின் செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். காலி பெஞ்சைப் படம் பிடித்து என்ன செய்வது என்று உதயசூரியன் யோசித்துக்கொண்டிருந்தார்.

மணி 2.17.

“அறிவொளி வகுப்பு இதுதானே, தம்பி?”

வாசலில் ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். நீலப் புள்ளி போட்ட வாயில் புடவை. கையில் சிலேட்டு. இன்னொரு கையில்... லாந்தர்.

எரிகிற லாந்தர். வெளியே கொளுத்துகிற வெயில்.

பெண்ணுக்கு வெயில் தாக்கியிருக்கும் என்று நினைத்தார். ‘தம்பி’தான் கொஞ்சம் உறுத்தியது. மகள் வயசுக்காரி. வெள்ளைத் தலை கண்ணுக்குத் தெரியவில்லையா என்ன?

“இதுதாம்மா. வாங்க. எம்.ஏ.வா?”

“சொர்ணம்.” கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். லாந்தரைக் காலடியில் வைத்தாள். “எந்த எழுத்துல விட்டோம், தம்பி?”

சேர்க்கைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. போட்டோ எடுத்து ஏற்றினார். ஆப் தலைகளை எண்ணிச் சொன்னது. வருகை: 1.

பிறகு பாடத்தை ஆரம்பித்தார். அறிவொளிக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் கூடி, கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை, பேயும் கிடையாது பிசாசும் கிடையாது என்று எழுதி முடித்தார்கள். மை காய்வதற்குள் அவர்கள் பேரப்பிள்ளைகள் பேய்க்கதை எழுதிப் புகழ் பெற்றார்கள். அந்தக் காலத்து நாவல் பாதி கடிதமாகவே இருக்கும். இவள் அவனுக்கு எழுதுவாள், அவன் இவளுக்கு எழுதுவான், புத்தகம் முடிந்துவிடும்.

அவள் முகம் கடிதம் என்ற சொல்லில் மலர்ந்தது.

“அதுக்குத்தான் தம்பி நான் வந்ததே.”

இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். ஏர்மெயில் கவர். ஓரத்தில் சிவப்பும் நீலமும். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“பிரிக்கலையாம்மா?”

“படிக்கத் தெரிஞ்சப்பறம் பிரிக்கலாம்னு வச்சிருக்கேன். போன கடுதாசிய போஸ்ட்மேன் படிச்சாரு. மல்லியப்பூவேன்னு அவுக எழுதியிருந்தாக. அதைக் குழாயடியில நின்னு படிச்சுட்டாரு. அன்னையிலேர்ந்து ஊர்ப் பொம்பளைக பூராம் ‘என்ன மல்லியப்பூ, தண்ணிக்கா’, ‘என்ன மல்லியப்பூ, வெறகுக்கா’...” சிரித்தாள். “இதை நானேதான் படிக்கணும். வேற யாரு கண்ணும் படக் கூடாது. நீங்ககூட பாக்கக் கூடாது. எழுத்து மட்டும் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். மஸ்கட் என்றாள்.

இந்தக் காலத்தில் மஸ்கட்டிலிருந்து யார் கடிதம் எழுதுகிறார்கள்... வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசலாமே... கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

மணி 2.40. கவரைப் பிரித்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தாள். தெரியாத எழுத்தைச் சிலேட்டில் வரைந்து காட்டினாள். அவர் சொன்னார்.

“அன்... புள்ள... சொர்... ணத்துக்கு.” தன் பெயரை மூன்று முறை படித்தாள்.

அடுத்த வரியில் நின்றுவிட்டாள். சிலேட்டைத் திருப்பினாள்.

“இது என்ன தம்பி, யானை கணக்கா இருக்கு?”

பழைய ‘லை’. தலைக்கு மேல் தும்பிக்கை போட்டு எழுதும் எழுத்து. அதைப் பள்ளிக்கூடத்தில் விட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அறிவொளிப் புத்தகத்தில்கூடக் கிடையாது. இன்னும் யார் இப்படி எழுதுவது?

“அது பழைய லைம்மா. ‘வேலை.’”

“இங்கே வேலை... பர... வாயில்... இன்னொரு யானை, தம்பி.”

அவருக்கும் சிரிப்பு வந்தது.

மணி 3.25. தரையில் ஈரம் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பிலிருந்து சொட்டியது. நல்ல வெயிலில் நடந்து வந்தவள். சொட்டு நிற்கவில்லை.

டப்... டப்...

பாசி நாற்றம் அடித்தது.

லாந்தரில் எண்ணெய் குறையவில்லை.

அவள் படித்துக்கொண்டே இருந்தாள். “நீ வகுப்புக்குப் போவது... சந்தோஷம். லாந்தர் கனக்கும். பச்சை டார்ச் ஒன்று... வாங்கியிருக்கிறேன். அண்ணனிடம்கூடச் சொல்லாதே. பதினெட்டாம் தேதி... ஊருக்கு... வருகிறேன்.”

நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

“வாராகளாம், தம்பி.”

மணி 4.00. ரோட்டில் பஸ் ஹார்ன். அதை விட்டால் அடுத்த பஸ் 5.40. உதயசூரியன் பையை எடுத்தார்.

“இன்னும் ஒரே வரிதான் தம்பி.”

“நேரமாச்சும்மா. மடிச்சு வைங்க. மிச்சத்தை அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்.”

அவள் கடிதத்தை மடித்தாள். மெதுவாக மடித்தாள்.

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்னு.”

அவர் வாசல்படியில் இருந்தார்.

தம்பி...

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் சாவடியில் இருபத்திரண்டு பெண்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

திரும்பினார்.

பெஞ்சு காலி.

ஈரம் மட்டும்.

4.05 பஸ் போய்விட்டது. அவர் விலக்குக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்காரர் கிளாஸை நீட்டினார். வாரா வாரம் பார்க்கிற முகம்தான். பெயரைக் கேட்டதில்லை.

“என்ன சார், வேத்து ஊத்துது?”

“இந்த ஊர்ல சொர்ணம்னு ஒரு அம்மா... யாருங்க?”

“எந்தச் சொர்ணம்?”

“வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காராம்.”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“யாரு சொன்னா?”

“அவங்களேதான். ஒரு கடுதாசி படிச்சாங்க. லாந்தர் கனக்கும், பச்சை டார்ச் வாங்கியிருக்கேன், அண்ணன்கிட்டகூடச் சொல்லாதன்னு...”

கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதுவரை அவ்வளவு தெரியாது. இப்போது தெரிந்தது.

“நாந்தான் சார் கண்ணுசாமி. மஸ்கட்ல இருந்தது நாந்தான்.”

தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த டார்ச்ச நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டுனதில்ல. பொட்டியில துணிக்கு அடியில கெடக்கு.”

“அப்ப அந்தக் கடுதாசி...”

“அவ மடியில இருந்துச்சு. ஒட்டுனது ஒட்டுனபடி, ஊறிப் போயி. எங்க அண்ணந்தான் எடுத்துப் பாத்துட்டு, அவ கையிலயே வச்சாரு. அதோடயே எரிச்சோம் சார். ஒருத்தரும் பிரிக்கல.”

“எப்படி...”

“கெணறு. வகுப்புக்குப் போற குறுக்குப் பாதையில. அறிவொளி நடத்துன பையனுக்குத் திருச்சியில காலேஜ் எடம் கெடைச்சுது. இங்கிலீஷ் படிக்கப் போயிட்டான். சொல்லிக்கல. ரெண்டு நாள் பாத்துட்டு மத்த பொம்பளைக நின்னுட்டாளுக. இவ மட்டும் எட்டு நாள் லாந்தரத் தூக்கிட்டுப் போயி, யாரும் இல்லாத சாவடியில உக்காந்துட்டு வந்திருக்கா. எட்டாம் நாள் திரும்பல.”

உதயசூரியன் கையில் டீ சுட்டுக்கொண்டிருந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

“அன்னைக்குப் பதினெட்டாம் தேதி சார். நான் ராத்திரி ஒம்பது பத்துக்கு வந்து சேந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. வகுப்புக்குப் போயிருப்பா, இப்ப வந்துருவான்னு வாசல்ல பொட்டி மேலயே உக்காந்திருந்தேன். பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். டார்ச்ச கையில வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு...”

பிறகு தலையைத் திருப்பி, சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்.

“கடைசி வரியப் படிச்சாளா சார்?”

“அது... என்ன வரி?”

“‘பதினெட்டாம் தேதி ஒரு நாள் மட்டும் வகுப்புக்குப் போகாதே. வீட்டில் இரு.’”

5.40 பஸ் வந்தது. போனது. உதயசூரியன் ஏறவில்லை.

மையத்திலிருந்து மறுநாள் போன் வந்தது. காலி பெஞ்சைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்களே, ஆப் ஏன் ஒன்று என்று காட்டுகிறது என்று கேட்டார்கள். அவர் மனசு வேறு ஒன்றில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு வரியை மடித்து வைக்கச் சொன்னவர் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் இதை எழுதுவது சனிக்கிழமை.